பரண் மேல் பிள்ளைகள் தெரிந்தபோது

இல்லாதது தெரிந்தால், கேட்டால் அது உடம்பு வியாதியா, மனநோயா? மூன்று வீட்டார் சொன்னது.

மேலூரிலிருந்து:

என் அத்தைக்கு 67 வயது. மாசி மாதம் ஒரு சாயங்காலம், "அந்தப் பிள்ளைகளை ஏன் பரண் மேல ஏத்தி வச்சிருக்க? இறக்கி விடு" என்றார். பரணில் பழைய அண்டாக்கள்தான் இருந்தன. ராத்திரி முழுக்கத் தூங்காமல், சேலையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். காலையில் சாதாரணமாகக் காபி கேட்டார். பொழுது சாய்ந்ததும் என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார்.

காத்து கருப்பு பட்டிருக்கும் என்று பாண்டி கோயிலுக்கு அழைத்துப்போனோம். அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் ஒரு கிளினிக்கில் ரத்தம்கூட எடுக்காமல் மனநோய் என்று தூக்க மாத்திரை எழுதினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. அதைப் போட்டபின் அவரை எழுப்பவே முடியவில்லை.

108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ ஆரம்பிச்சது?" அடுத்தது, "புதுசா ஏதாவது மாத்திரை?" பன்னிரண்டு நாள் முன்புதான் பிரஷருக்கு, சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதனால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிவிட்டதாம். அது 135-க்குக் குறையக் கூடாதாம். அத்தைக்கு 114. ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்று நாள் கணக்கில் மெதுவாக ஏற்றினார்கள். நாலாம் நாள் என்னைப் பார்த்து, "ஏன்டி இப்படி இளைச்சுட்ட?" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்த வயதுவரை நன்றாக இருந்தவருக்கு இப்படிப் புத்தி தடுமாற்றம் திடீரென்று வந்தால், உருவங்கள் தெரிந்தால், நாள் கிழமை குழம்பினால், நேரத்துக்கு நேரம் மாறினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அந்த டாக்டர்.

உசிலம்பட்டியிலிருந்து:

எங்கள் அண்ணன் குடியைச் சட்டென்று நிறுத்திய மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூரான் ஓடுகிறது என்று கத்தினார். கைநடுக்கம், வேர்வை வேறு. வார்டில் சேர்த்து வைட்டமின் பி1 ஊசியும் மாத்திரைகளும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தெளிந்தார்.

திருமங்கலத்திலிருந்து:

எங்கள் வீட்டில் நேர்மாறு. தம்பிக்கு 21 வயது. கொஞ்சம் கொஞ்சமாகக் காலேஜுக்குப் போவதை நிறுத்தினான். இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசுவது காதில் விழுகிறது என்பான். ஆனால் தேதி கேட்டால் சரியாகச் சொல்வான். தைராய்டு, வைட்டமின் பி12, ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருந்தன. உடம்பு வியாதியாக இருந்துவிடாதா என்ற ஆசையில் ஊர் ஊராக அலைந்து ஒரு வருடத்தைத் தொலைத்தோம். மனநல மருத்துவர் ஜுரம் வந்ததா, வலிப்பு வந்ததா என்று துருவிக் கேட்டுவிட்டுத்தான் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் என்றார். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் குரல்கள் தணிந்தன. இப்போது மாமா கடையில் கணக்கு எழுதுகிறான். மாத்திரையை அவனே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான்.