இஞ்சி–எலுமிச்சை பானம்: பாட்டிலில் அடிமண்டி தங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

வீட்டில் தயாரிக்கும் இஞ்சி–எலுமிச்சை பானத்தை முதன்முறையாக விற்பனைக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் கைகொடுத்தால் பெரிய உதவி.

10 லிட்டருக்கு 400 கிராம் இஞ்சி, 900 கிராம் சர்க்கரை, 600 மில்லி எலுமிச்சைச் சாறு. பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு) 3-ஐ ஒட்டியே நிற்கிறது. மீட்டரை ஒவ்வொரு முறையும் பிஹெச் 4, 7 உள்ள கரைசல்களில் சரிபார்க்கிறோம். 85 டிகிரி செல்சியஸில் நிரப்பி, மூடி, மூடியின் உட்புறமும் சூடாக 3 நிமிடம் கவிழ்த்து வைக்கிறோம். சாதாரண பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் அந்தச் சூட்டில் சுருங்கிவிடும் என்பதால் கண்ணாடிதான். அதையும் முன்பே வெந்நீரில் சூடாக்காவிட்டால் விரிசல் விடும்.

சிக்கல் இதுதான்: இரண்டு மூன்று நாளில் அடியில் வெள்ளையாக மண்டி தங்குகிறது. இஞ்சியின் மாவுச்சத்துதான் காரணம். அரைத்த சாற்றைச் சூடாக்கும் முன் 2 மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுக்கிறோம். காய்ச்சிய பிறகு வடிகட்டினால் மாவு கூழாகித் துணியை அடைத்துவிடுகிறது. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் தெளியவிட்டால் போதுமா? மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி சேர்த்தவர்கள் அளவு, வெப்பநிலை, இஞ்சியின் காரம் குறைந்ததா என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். எலுமிச்சையின் வைட்டமின் சி-யோடு சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம். இன்னொரு பதப்படுத்தியான பொட்டாசியம் சார்பேட்டும் இல்லாமலே விற்பவர்கள், காலாவதி நாளைக் குறிக்கும் முன் ஆய்வகத்தில் ஈஸ்ட், பூஞ்சைப் பரிசோதனையை எந்தெந்த வாரங்களில் செய்தீர்கள்?