மறுமொழி: ஆய்வகப் பலகைக்கு ஒரு சொல் – நுண்ணறிவா, புலனாய்வா, நிலவரமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘மின்வணிகம் மற்றும் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் ஆய்வகம்’ என்ற பலகையோடு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். புதிதாக எழுதும்போது முழுசும் தமிழாக இருக்கட்டுமே என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். வந்த பதில்களை மாணவர்களிடமும் படித்துக் காட்டினேன். மின்வணிகத்தில் யாருக்கும் தகராறு இல்லை. அடுத்த பாதிதான் இழுக்கிறது.

> வணிக நுண்ணறிவு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதையே வைத்துவிடுங்களேன்.

எழுதுகிறார்கள், சரி. செயற்கை நுண்ணறிவில் அது பொருந்துகிறது, அங்கே பேச்சே அறிவுத்திறனைப் பற்றியது. எங்கள் ஆய்வகத்தில் நடப்பதோ தகவலைத் திரட்டி, சலித்து, முடிவெடுப்பவர் கையில் கொடுப்பது. காவல்துறையின் நுண்ணறிவுப் பிரிவிலும் இதே சிக்கல்தான். மற்ற பிரிவுக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதது ஆச்சரியம்!

1958-இல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்ற தொடரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கண்முன் இருக்கும் செய்திகளுக்குள் உள்ள தொடர்பைப் பிடித்து, எண்ணிய இலக்கை நோக்கிச் செயலைச் செலுத்தும் திறன் என்று இன்டெலிஜென்ஸுக்கு அகராதி தரும் விளக்கத்தை அதில் எடுத்தாள்கிறார். ‘திறன் என்கிறாரே’ என்று மடக்குவீர்கள். ஆனால் அவர் வரைந்து காட்டிய அமைப்பு என்ன செய்கிறது? வந்துசேரும் ஆவணங்களைச் சுருக்கி, எது யாருக்கு வேண்டுமோ அவரிடம் சேர்க்கிறது. அவ்வளவுதான். (இணையக் கடையில் அட்டை எண்ணில் ஓர் இலக்கம் தப்பினால் உடனே சிவப்பாகக் காட்டுகிறதே, அந்தச் சரிபார்ப்புக் கணக்கும் இவருடையதுதான்.)

> எங்கட பக்கம் புலனாய்வு எண்டாலே இன்டெலிஜென்ஸ்தான். வணிகப் புலனாய்வு எண்டு போடலாமே?

யாழ்ப்பாணத்து அக்கா சொல்வது இலங்கைக்குச் சரி. அங்கே அரச புலனாய்வுச் சேவை என்றே இருக்கிறது. இங்கே புலனாய்வு என்றால் சிபிஐ, என்ஐஏ. அந்தப் பலகையை மாட்டினால் வரி ஏய்ப்பு வழக்கு நடக்கும் இடம் என்று ஆள் வர மாட்டார்கள். உளவு என்ற பொருளில் ‘வணிக ஒற்று’ என்று எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை: வலி மிகுமா மிகாதா என்று கேட்டே மாணவர்கள் கொன்றுவிடுவார்கள்.

ஆனாலும் ‘ஒற்று’ என்ற சொல்லைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. காரணம், போன மாதம் நடந்த ஒன்று. பிரிட்டனில் பரிசுப்பொருள் விற்கும் ஓர் இணையக் கடையின் விற்பனைத் தரவு, 2010 டிசம்பரிலிருந்து 2011 டிசம்பர் வரை, 5,41,909 வரிகள், ஆய்வுக்கென்று பொதுவில் கிடைக்கிறது. ஒரு மாணவி அதில் எண்ணிக்கை வாரியாக அதிகம் விற்ற பொருளைக் கண்டுபிடித்தாள். காகிதத்தில் செய்த குட்டிப் பறவை, 80,995. பெருமையோடு திரையில் காட்டினாள். தேதியைப் பார்க்கச் சொன்னேன். மொத்தமும் ஒரே பில், 2011 டிசம்பர் 9, காலை 9:15. சரியாக 9:27-க்கு அதே எண்ணிக்கை, முன்னால் கழித்தல் குறியோடு. ஆர்டர் ரத்து! கழித்தல் குறி போட்ட வரிகளையெல்லாம் தட்டச்சுப் பிழை என்று அவள் முதலிலேயே தூக்கிவிட்டிருந்தாள்.

‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்ற குறளை அன்று சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் கொண்டுவந்த சேதியை இன்னொருவனை விட்டுச் சரிபார். 9:15 ஓர் ஒற்றன், 9:27 மற்றவன்.

அப்போது பின்வரிசையில் ஒருவன், ‘அப்ப உண்மை நிலவரம் என்ன சார்?’ என்றான்.

அந்தச் சொல்தான் என் பரிந்துரை: வணிக நிலவர அறிவு. சந்தை நிலவரம், கள நிலவரம், விலை நிலவரம் என்று நாளெல்லாம் நம் வாயில் புழங்குவது. முக்கியக் கணக்குகளை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை ‘நிலவரப் பலகை’ என்றால் விளக்கவே வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர் நிலவர ஆய்வாளர். பலகையிலும் ‘மின்வணிக, வணிக நிலவர ஆய்வகம்’ என்று அடங்கிவிடும்.

> கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சந்தைத் தகவல் மையம் என்றுதானே வைத்திருக்கிறார்கள்? தகவல் போதாதா?

போதாது என்பதற்கு அந்த மையமே சாட்சி. ஈரோட்டு மஞ்சளுக்குப் பழைய விலைகளையெல்லாம் வைத்து ஆராய்ந்து, இனி என்ன விலை போகும் என்று விவசாயிக்குச் சொல்கிறார்கள். பெயரில் மட்டும் தகவல், வேலை அதற்கு மேல்.

நிலவரம் என்றால் இன்றைய நிலை மட்டும்தானே, நாளைக்கு என்ன ஆகும் என்பது அதில் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான், அந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ‘போய் நிலவரம் பார்த்துட்டு வா’ என்று ஓர் ஆளை அனுப்புகிறோமே, எதற்கு? அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தானே? லூன் சொன்ன ‘செயலைச் செலுத்துவது’ அந்த வழக்குக்குள்ளேயே இருக்கிறது.

மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார். ‘நி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ போட்டுவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள ஒரு மாணவனைச் சொல்லி வைத்திருக்கிறேன்.