எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறித் தெரிகின்றன: உதவி தேவை

மண்டபம்_பட்டறை:
வணக்கம். விசைப்படகுகளிலிருந்து வரும் பழைய வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்க்கிறேன். உப்புக்காற்றில் டிரான்சிஸ்டரின் மேலுள்ள எழுத்தே அரித்துப் போய்விடுவதால், மூன்று கால்களையும் எந்த வரிசையில் செருகினாலும் வகையையும் கால்களையும் கண்டு சொல்லும் சுற்று ஒன்றைக் கட்டினேன். என்.பி.என்., பி.என்.பி. என்ற இரு வகைகளின் வேறுபாட்டையும் பேஸ் என்ற காலையும் சரியாகக் காட்டுகிறது. மற்ற இரு கால்களான எமிட்டரும் கலெக்டரும் மட்டும் பல நேரம் மாறி வருகின்றன. நாளை செட்டைக் கொடுத்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

கீழக்கரை_மின்னணு:
எந்தச் சிப், என்னென்ன ரெசிஸ்டர்கள், புரோகிராம் யாருடையது என்று ஒன்றையுமே நீங்கள் சொல்லவில்லையே. எந்த டிரான்சிஸ்டரை வைத்துச் சோதித்தீர்கள்?

பாம்பன்_ரேடியோ:
சந்தேகமே வேண்டாம், உப்புப் படிவுதான். கால்களுக்கிடையே ஈரம் கசிந்தால் அங்கே சில நூறு கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்தது போலாகிவிடும். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். எதையும் செருகாதபோது என்ன காட்டுகிறது?

சால்டரிங்_குரு:
தம்பி, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பேஸிலிருந்து மற்ற இரு கால்களையும் அளந்தால், சற்றுக் கூடுதலாகக் காட்டுவது எமிட்டர். இதற்குச் சிப் எதற்கு? முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

தொண்டி_வாசகர்:
ஐயா, அந்த வேறுபாடு சில மில்லிவோல்ட்தான். விரல் சூட்டிலேயே அளவு நகர்ந்துவிடும். கால் வரிசையையும் ஊகிக்க முடியாது. தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, பி.சி.547 வகை டிரான்சிஸ்டரில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அப்படியே தலைகீழ்.

சால்டரிங்_குரு:
நல்ல மீட்டர் வைத்திருப்பவருக்கு அந்தச் சில மில்லிவோல்ட்டே போதும். மற்றவர்கள் சிப் வாங்கட்டும்.

மண்டபம்_பட்டறை:
சிப் ஏடிமெகா328, மின்னழுத்தம் 5 வோல்ட். ஒவ்வொரு காலுக்கும் 680 ஓம் ஒன்று, 470 கிலோ ஓம் ஒன்று. புரோகிராம் நான் எழுதியது; ஆறு வரிசைகளையும் சோதித்து, முதலில் கடத்துவதை எடுத்துக்கொள்ளும். பி.சி.547இலும் இதே கதைதான். எதையும் செருகாதபோது ஒன்றும் காட்டுவதில்லை.

கீழக்கரை_மின்னணு:
பேஸுக்கு 680 ஓம் வழியாகக் கொடுக்கிறீர்களா? அதில் ஆறு மில்லிஆம்பியருக்கு மேல் பாயும். எமிட்டரும் கலெக்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் குறைந்த பெருக்கத்தோடு (பேஸ் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் பாயும் என்ற அளவு) வேலை செய்யும் என்பதால், பேஸில் அவ்வளவு மின்னோட்டம் இருந்தால் தலைகீழாக மாட்டியதும் முழுதாகக் கடத்திவிடும். உங்கள் புரோகிராமும் முதலில் அகப்பட்டதை ஏற்றுக்கொண்டுவிடும். 470 கிலோ ஓம் வழியாகச் சுமார் 9 மைக்ரோஆம்பியர் மட்டும் கொடுத்து, இரு திசையிலும் பெருக்கத்தைக் கணக்கிட்டு, எதில் அதிகமோ அதை எடுங்கள். ஃப்ரெயெக் உருவாக்கி க்யூபெலர் விரிவாக்கிய, ஏ.வி.ஆர். வகைச் சிப்பில் இயங்கும் டிரான்சிஸ்டர் டெஸ்டரிலும் இதே 680, 470 கிலோ இணைதான் இருக்கிறது.

பாம்பன்_ரேடியோ:
எதற்கும் பலகையைக் கழுவிவிடுங்கள்.

மண்டபம்_பட்டறை:
680 வழியாகத்தான் கொடுத்திருந்தேன். மாற்றியபின் பி.சி.547க்குப் பெருக்கம் ஒரு திசையில் 290, மறு திசையில் 6. நன்றி. ஒரு பவர் டிரான்சிஸ்டரை மட்டும் டயோடும் ரெசிஸ்டரும் என்கிறது.

தொண்டி_வாசகர்:
அதனுள்ளேயே பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் ரெசிஸ்டர் இருக்கக்கூடும். அது சில பத்து ஓம் என்றால், 680 ஓம் வழியாகக் கொடுத்தாலும் பேஸ், டிரான்சிஸ்டர் கடத்தத் தேவையான 0.6 வோல்ட்டை எட்டாது. அந்த ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்று காட்டுகிறது?