ஆல்-இன் ஆன பிறகு ரிவர் சீட்டை இரண்டு முறை போடுவது யாருக்குச் சாதகம்?

கொட்டகலை_மழை:

வணக்கம். தீபாவளிக்கு மறுநாள் மழை விடாமல் பெய்ததால், உறவினர்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்து டெக்சாஸ் ஹோல்டெம் ஆடினோம் (ஆளுக்கு இரண்டு கைச் சீட்டுகளோடு, மேசையில் திறக்கும் ஐந்து பொதுச் சீட்டுகளையும் சேர்த்து ஆடும் போக்கர் ஆட்டம்). பணம் வைத்து ஆடப் பெரியப்பா சம்மதிக்கமாட்டார் என்பதால், வழக்கம்போல் சிப்ஸ் எனும் பந்தய வில்லைகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டோம். அதில் ஓர் ஆட்டம் இன்னும் தீர்க்கப்படாத வாக்குவாதமாக நிற்கிறது.

மேசையில் நான்கு பொதுச் சீட்டுகள் திறந்திருந்தன, கடைசிச் சீட்டான ரிவர் மட்டும் பாக்கி: ஆட்டின் ராஜா, ஆட்டின் 7, கிளாவர் 4, இஸ்பேட் 2. என் கையில் ஆட்டின் ராணியும் ஆட்டின் 9உம். மச்சானிடம் இஸ்பேட் ராஜாவும் கிளாவர் ஏஸும். இருவரும் ஆல்-இன், அதாவது இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டோம். குவியலில் 440 கொட்டைகள். எனக்கு இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷ் கிடைத்து நான் வெல்வேன், விழாவிட்டால் ராஜா ஜோடியுடன் மச்சான் வெல்வார். அப்போது சித்தப்பாவின் மகன், "ரிவரை இரண்டு தடவை போடுவோம், தடவைக்குப் பாதிக் குவியல்" என்றான். இருவரும் தலையாட்டினோம். முதல் தடவை ஆட்டின் 3 வந்தது. அதைக் கட்டுக்குள் திருப்பி வைக்காமல் அடுத்த சீட்டை எடுத்தபோது கிளாவர் 10 வந்தது. ஆளுக்கு 220.

என் குறை இதுதான்: எனக்கு வேண்டிய ஆட்டின்களில் ஒன்று முதல் தடவையிலேயே செலவாகிவிட்டதால், இரண்டாம் தடவை எனக்கு வாய்ப்புக் குறைந்துவிட்டது. மச்சானோ, பின்தங்கி நின்ற எனக்கு ஒன்றுக்கு இரண்டு வாய்ப்புகள் கொடுத்ததே அநியாயம் என்கிறார். யார் சொல்வது சரி? எடுத்த சீட்டைத் திருப்பி வைத்து மீண்டும் கலைத்திருக்க வேண்டுமா?

பண்டாரவளை_கணிதம்:

தம்பி, ஒரே ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் எதிரெதிராகக் குறை சொல்கிறீர்கள். இரண்டு குறைகளுக்கும் இடமில்லை என்பதை உங்கள் சீட்டுகளை வைத்தே காட்டலாம்.

52 சீட்டுகளில் உங்கள் இருவர் கையிலுள்ள நான்கையும் மேசையிலுள்ள நான்கையும் கழித்தால் 44 மிஞ்சும். 13 ஆட்டின்களில் நான்கு வெளியே தெரிவதால் கட்டில் 9 இருக்கின்றன. ஆகவே முதல் சீட்டில் உங்கள் நிகழ்தகவு 44இல் 9. அது விழுந்தால் இரண்டாம் சீட்டில் 43இல் 8 ஆகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விழாமல் போயிருந்தால் 43இல் 9 ஆகக் கூடியிருக்கும் என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வழிகளையும் அவற்றின் நிறையோடு கூட்டிப் பாருங்கள். இரண்டாம் சீட்டுக்கும் மீண்டும் 44இல் 9தான் வரும்.

எண்கள் வேண்டாம் என்றால் மச்சானை அருகில் அழைத்து இப்படிச் செய்து பாருங்கள். கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். எதையும் திறக்காமல் மேல் சீட்டையும் அதற்கு அடுத்த சீட்டையும் இடம் மாற்றுங்கள். அந்த மாற்றத்தால் உங்களுக்கு நட்டம் வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாதென்றால், இரண்டாம் இடத்திலுள்ள சீட்டு முதல் இடத்திலுள்ள சீட்டுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. முதல் சீட்டைப் பார்த்த பிறகு இரண்டாவதைப் பற்றிப் பேசுவதால்தான் குறை பிறக்கிறது. நீங்கள் சம்மதித்ததோ இரண்டையும் பார்ப்பதற்கு முன்னர்.

மச்சானின் குறைக்கு வருவோம். ஒரே தடவை போட்டிருந்தால், உங்களுக்கு ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 20.5. இரண்டு தடவை போடும்போது அது 37.1 ஆக உயர்கிறது. அவர் கண்ணில் பட்டது இந்த எண்தான். ஆனால் அந்த 37.1இல் 33.3, பாதிக் குவியல் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. முழுக் குவியலும் உங்களுக்கு வருவது வெறும் 3.8. எப்படிக் கூட்டினாலும் உங்களுக்குரிய சராசரி எதிர்பார்ப்பு 90 கொட்டைகள், அவருக்கு 350. ஒரு தடவையானாலும் இரண்டு தடவையானாலும் இது மாறாது.

மாறுவது ஏற்ற இறக்கம். உயர்தர வகுப்பில் மாறற்றிறன் என்று படிப்போமே, அது 31,500இலிருந்து ஏறத்தாழ 15,384 ஆக இறங்குகிறது. நியம விலகலாகச் சொன்னால் 177 கொட்டைகளிலிருந்து 124 கொட்டைகளுக்கு. சீட்டைத் திருப்பி வைத்துக் கலைத்திருந்தால் மாறற்றிறன் சரிபாதியாக, அதாவது 15,750ஆக, இருந்திருக்கும். திருப்பி வைக்காததால் இன்னும் சற்றே குறைந்தது. சராசரியை அதுவும் தொடவில்லை. ஆகவே திருப்பி வைக்காமல் விட்டதில் பிழையேதும் இல்லை.

மேசைக்_கை:

நான் தலவாக்கலையைச் சேர்ந்தவன். கொழும்பில் சில ஆண்டுகள் மேசையில் சீட்டுப் போடும் வேலை பார்த்தேன். ஆசிரியர் ஐயாவின் கணக்கோடு எனக்கு முரண்பாடு இல்லை. சண்டை வருவது பெரும்பாலும் போடும் முறையில்தான் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

சம்மதத்தை வாயால் கேட்க வேண்டும், அடுத்த சீட்டு ஒன்றுகூட விரலில் படுவதற்கு முன்னர் கேட்க வேண்டும். தலையாட்டல் போதாது. முதல் சீட்டு திறந்த பிறகு "இன்னொரு தடவை போடுவோமா" என்று கேட்பவருக்கு இடம் கொடுத்தால் அந்த மேசை அன்றோடு கெட்டுவிடும். நான் செய்த முறை இது: இருவரும் கைச் சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். குவியலை எண்ணி இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுவேன். ஒரு சீட்டைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட்டு முதல் ரிவரைத் திறந்து, அதைச் சற்று மேலே தள்ளி வைப்பேன். பின்னர் மீண்டும் ஒன்றை ஒதுக்கி, இரண்டாம் ரிவரை அதற்குக் கீழே வைப்பேன். எந்தச் சீட்டு எந்தப் பாதிக்குரியது என்பது மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும். கவிழ்த்து ஒதுக்கும் சீட்டுகள் யாருடைய வாய்ப்பையும் மாற்றாது. மேல் சீட்டின் முதுகில் கறையோ மடிப்போ இருந்தால் அதை அடையாளம் கண்டு யாரும் பயன்பெறக் கூடாது என்பதற்காகவே அந்த வழக்கம்.

முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃப்ளொப்பிலேயே ஆல்-இன் ஆகிவிட்டால், நான்காவதான டேர்னையும் ரிவரையும் சேர்த்து இரண்டு முறை போட வேண்டும். மூன்று பேர் உள்ளே இருந்தால் மூவரும் சம்மதிக்க வேண்டும். போட்டித் தொடர்களில் இந்த வழக்கம் கிடையாது. அங்கே ஆல்-இன்னில் ஒருவர் வெளியேறுவதே ஆட்டத்தின் ஓட்டம்.

ஊவாக்_காற்று:

கணக்கும் சரி, முறையும் சரி. ஆனால் இருவரும் ஆல்-இன் ஆன பிறகு நடப்பதையே பேசுகிறார்கள். அதற்கு முன்னர் நடப்பதும் இதனால் மாறுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் எப்போதும் இரண்டு தடவைக்குச் சம்மதிப்பவன் என்று மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், நான் முழுவதையும் தள்ளும்போது எதிரில் இருப்பவருக்கு அச்சம் குறைகிறது. பாதியாவது திரும்பி வரும் என்ற நினைப்பில், சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலக வேண்டிய கையோடும் உள்ளே வருகிறார். நல்ல கையோடு தள்ளியிருந்தால் அது எனக்கு நன்மை. வெறுங்கையோடு மிரட்டுவதற்காகத் தள்ளியிருந்தால் அந்த மிரட்டலுக்குப் பாதி வலுவும் இல்லை. எங்கள் ஹப்புத்தளை வீட்டில் இதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

ஆகவே சம்மதிப்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு முன்பே தீர்மானித்து, முன்னணியில் இருந்தாலும் பின்தங்கினாலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். சராசரியில் யாருக்கும் இழப்பு இல்லை என்பதால், மறுப்பவரைக் கஞ்சன் என்றோ கோழை என்றோ பேசுவதற்கும் நியாயமில்லை. அன்று மச்சான் மறுத்திருந்தால் 440உம் உங்களுக்கு வந்திருக்கும் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

கொட்டகலை_மழை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மச்சான் வந்திருந்தபோது, ஆசிரியர் ஐயா சொன்னபடி கட்டைக் கவிழ்த்து மேலிருந்த இரண்டு சீட்டுகளையும் அவர் கையாலேயே இடம் மாற்றச் சொன்னேன். மாற்றினார், சற்று நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு "எதைத் திறந்தாலும் ஒன்றுதான்" என்று ஒப்புக்கொண்டார். என் குறையையும் நான் விட்டுவிட்டேன். இனி எங்கள் வீட்டில் டேர்னுக்குப் பிறகு ஆல்-இன் ஆனால் இருவரும் வாய்விட்டுச் சொன்ன பின்னரே கட்டைத் தொடுவது என்றும், குவியல் ஒற்றைப்படையாக இருந்தால் மிஞ்சும் கொட்டை முதல் ரிவருக்குச் சேரும் என்றும் முடிவு செய்திருக்கிறோம்.