பீமரில் தமிழ் எழுத்து வரவில்லை, ஓஎச்பி ஷீட்டில் எடுக்க வேண்டும் – அவசரம்

கோத்தகிரி தேயிலை:
வணக்கம். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஸ்லைடுக்கான வகுப்பு, அதாவது ஆவண வகை, பீமர். அதில் ஸ்லைடு போடுகிறேன். ஆங்கிலமும் எண்களும் வருகின்றன, தமிழ் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். ஃபான்ட் கணினியில் இருக்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை, பிடிஎஃப்பும் உருவாகிறது. நாளை மறுநாள் ஊர் மண்டபத்தில் சிறு தேயிலை விவசாயிகளுக்குத் தேயிலை இலையில் வரும் கொப்புள நோயைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே ஓஎச்பி (கண்ணாடி போன்ற ஷீட்டில் உள்ளதைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி) மட்டும்தான் உண்டு. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர் சாரல்:
எந்த லேடெக் நிரலில் ஓட்டுகிறீர்கள்? பிடிஎஃப்லேடெக்கா, சீலேடெக்கா, லுவாலேடெக்கா? எந்த ஃபான்ட்? விண்டோஸா, லினக்ஸா? ஆவணம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள வரிகளை அப்படியே போடுங்கள். இவை தெரியாமல் யார் சொன்னாலும் ஊகம்தான்.

எழுத்துருப் பிரியன்:
எனக்கு இது குறியாக்கப் பிரச்சினை என்றே தோன்றுகிறது. யூனிகோடுக்கு மாறாத பாமினியிலோ டிஸ்கியிலோ அடித்த பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருப்பீர்கள். யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த டேஸ்16 குறியாக்கத்தையும் 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் இன்னும் பழைய ஃபான்ட்தான். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மீதி தானாகச் சரியாகும்.

குன்னூர் சாரல்:
பாமினியாக இருந்தால் இடம் காலியாக இருக்காதே. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். இது வேறு ஏதோ.

பழைய அச்சு:
ஓஎச்பி ஷீட்டுக்கு எதற்குப் பீமர்? லெஸ்லி லேம்போர்ட் லேடெக்குடன் சேர்த்துத் தந்த ஸ்லைடெக் இதற்கென்றே செய்தது. 1994-ல் லேடெக் டூ-இ என்ற புதிய பதிப்பு வந்தபோது அது ஸ்லைட்ஸ் என்ற வகுப்பாக உள்ளேயே சேர்ந்துவிட்டது, இன்றும் இருக்கிறது. அதைவிட வசதி வேண்டுமென்றால் செமினார் வகுப்பு. பீமர் 2003-ல் வந்தது, அது திரைக்கானது. ஷீட்டுக்கு ஷீட்டுக்கான கருவியை எடுங்கள் தம்பி.

நிரல்மணி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கிறது. தேடிப் பார்த்திருக்கலாம். "பிழை காட்டவில்லை" என்றால், ஓட்டும்போது உருவாகும் லாக் என்ற குறிப்புக் கோப்பைத் திறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பீமர் கையேடு இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது, அதை எழுதியவர் படிப்பதற்காகத்தான் எழுதினார். அடிப்படை தெரியாமல் லேடெக்கில் இறங்குகிறவர்கள் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ்ஸோடு நின்றுகொள்வது எல்லோருக்கும் நல்லது.

கோத்தகிரி தேயிலை:
சீலேடெக், லினக்ஸ், நோட்டோ செரிஃப் தமிழ். ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து செட்மெயின்ஃபான்ட் வரியில் ஃபான்ட் பெயர் கொடுத்திருக்கிறேன். இதே வரி ஆர்ட்டிகிள் வகுப்பில் அருமையாக வேலை செய்கிறது. பீமரில் மட்டும்தான் இப்படி.

குன்னூர் சாரல்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும்!

போனில் இருக்கிறேன், கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதுகிறேன். ஆர்ட்டிகிள் வகுப்பு உரைக்குச் செரிஃப் (முனையில் சிறு கோடு உள்ள) எழுத்தை எடுக்கும். பீமர் இயல்பாகவே சான்ஸ் (முனைக்கோடு இல்லாத) எழுத்தைத்தான் எடுக்கும். நீங்கள் செட்மெயின்ஃபான்ட்டில் கொடுத்தது செரிஃப் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பீமர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அது லேட்டின் மாடர்ன் சான்ஸை வைத்துத் தமிழை அச்சிடப் பார்க்கிறது. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. லாக்கைத் திறந்து "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று தேடுங்கள். எழுத்துக்கு ஒரு வரியாக வரிசையாக நிற்கும். எழுத்து கிடைக்காததை, லேடெக்கின் அடியில் ஓடும் டெக் பிழையாக எண்ணாது, லாக்கில் குறித்துவிட்டு மேலே போய்விடும். அதனால்தான் பிடிஎஃப் வந்தது.

இரண்டு வழி உண்டு. செட்சான்ஸ்ஃபான்ட் என்று இன்னொரு வரி சேர்த்து அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்கள். அல்லது யூஸ்ஃபான்ட்தீம் கட்டளையில் செரிஃப் என்று கொடுங்கள், உங்கள் பழைய வரியே போதும். பாலிகிளாசியா என்ற பன்மொழித் தொகுப்பு வைத்திருப்பவர்கள் தமிழ் சான்ஸ் குடும்பத்தைத் தனியாக வரையறுக்க வேண்டும். இன்னொன்று, நோட்டோ சான்ஸ் தமிழின் சில பதிப்புகளில் ஆங்கில எழுத்து இருக்காது. தமிழ் வந்து ஆங்கிலம் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், காரணம் அதுதான்.

கோத்தகிரி தேயிலை:
வந்துவிட்டது!! சான்ஸ் வரி சேர்த்தேன். ஆனால் தலைப்பே கோணலாக இருக்கிறது. "கொப்புள நோய்" என்பதில் கொம்பு முன்னால் நிற்காமல் "க"வுக்குப் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொள்கிறது. "நோ"வும் அப்படியே.

குன்னூர் சாரல்:
புது வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்ற விருப்பத்தைக் கொடுத்தீர்களா? ஆர்ட்டிகிளில் கொடுத்திருப்பீர்கள், அதனால் அங்கே சரியாக வந்தது. கோப்பில் "கொ" என்பது முதலில் "க", பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கிறது. குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. இது தமிழ் என்று சொன்னால்தான் அது அந்த வேலையைச் செய்யும்.

எழுத்துருப் பிரியன்:
நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். டேஸ்16-ல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு, இந்தக் கொம்புச் சிக்கலே வராது.

குன்னூர் சாரல்:
அந்த வாதத்தை மதிக்கிறேன், ஆனால் நாளை மறுநாள் கூட்டத்துக்கு உதவாது.

கோத்தகிரி தேயிலை:
சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. இப்போது இன்னொரு பிரச்சினை. எட்டு ஸ்லைடு எழுதினேன், பிடிஎஃப்பில் இருபதுக்கு மேல் பக்கம் வருகிறது. அத்தனை ஷீட் வாங்க முடியாது.

குன்னூர் சாரல்:
ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும் பாஸ் கட்டளை போட்டிருக்கிறீர்கள், இல்லையா? ஒவ்வொரு பாஸுக்கும் பீமர் ஒரு புதுப் பக்கம் போடும். டாக்குமென்ட்கிளாஸ் வரியில் ட்ரான்ஸ் என்று ஒரு விருப்பம் சேருங்கள். அது டிரான்ஸ்பரன்ஸிக்காகவே, அதாவது ஓஎச்பி ஷீட்டுக்காகவே, பீமரில் உள்ள முறை. ஒரு ஃபிரேமின் (நீங்கள் எழுதிய ஒரு ஸ்லைடின்) அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடும். பழைய அச்சு சாருக்கும் இதைச் சொல்கிறேன், பீமர் ஷீட்டை மறக்கவில்லை.

ஒன்லி கட்டளையால் ஒரு படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்று வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். வேண்டாததற்கு அடுக்குக் குறிப்பில் ட்ரான்ஸ் பூஜ்யம் என்று கொடுங்கள்.

பழைய அச்சு:
ஸ்லைடெக்கில் வண்ண ஸ்லைடு எப்படி எடுத்தோம் தெரியுமா? ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஷீட் வரும். சிவப்பு எழுத்து ஒரு ஷீட்டில், நீலம் இன்னொன்றில். ஓரம் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுவோம். பேசும்போது மேல் ஷீட்டைக் கையால் மடித்து வைத்தால் அடுத்த கட்டம் தெரியும். உங்கள் பாஸ் கட்டளை செய்வதும் அதைத்தான்.

நிரல்மணி:
இத்தனை சுற்று எதற்கு? எட்டு ஷீட்தானே, மார்க்கர் எடுத்து எழுதினால் ஒரு மணி நேரம். தமிழ் ஸ்லைடுக்கு லேடெக் தேவையே இல்லை என்பது என் கருத்து.

மஞ்சூர் மழை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. கொப்புள நோய் ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்ப வருகிறது, அதே பேச்சு அடுத்த ஊரிலும் வேண்டியிருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பாக இருந்தால் பத்து வருடம் கழித்தும் திறந்து ஒரு வரி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். நம் விவசாயிகளுக்குப் போகும் விஷயம் நம் எழுத்தில் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் இவ்வளவு பாடுபடுகிறார், அவரை "நின்றுகொள்" என்று சொல்லாதீர்கள்.

நிரல்மணி:
நேர்த்தி முக்கியம் என்றுதான் நானும் சொல்கிறேன். கையேட்டைப் படித்தால் நேர்த்தி வரும்.

மஞ்சூர் மழை:
இருக்கட்டும். அச்சடிக்கும் முன் சில விஷயம். பீமர் பக்கம் 128க்கு 96 மில்லிமீட்டர்தான். பிஜிஎஃப்பேஜஸ் தொகுப்பைச் சேர்த்து ஏ4 அகலவாக்கில் பெரிதாக்குங்கள், ஓரம் 5 மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகும், 11 புள்ளி எழுத்து ஏறத்தாழ 23 புள்ளியாகத் தெரியும். 16க்கு 9 விகிதம் வேண்டாம். பெரும்பாலான ஓஎச்பிகளின் கண்ணாடி சுமார் 28.5 சென்டிமீட்டர் சதுரம், ஏ4 நீளமோ 29.7. இயல்பான 4க்கு 3 விகிதம் அதற்குள் அடங்கும், அகலமானது ஓரத்தில் வெட்டுப்படும். கரும்பின்னணி உள்ள தீம் இருந்தால் எடுத்துவிடுங்கள், மையும் வீண், திரையும் இருட்டு.

ஷீட் வாங்கும்போது கடைக்காரரிடம் எந்த பிரிண்டர் என்று கேளுங்கள். இங்க்ஜெட்டுக்கான ஷீட்டை லேசரிலோ ஜெராக்ஸ் மெஷினிலோ விட்டால் சூட்டில் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். இங்க்ஜெட் என்றால் சொரசொரப்பான பக்கத்தில் அடிக்க வேண்டும். நம் மூடுபனியில் அந்த மை சீக்கிரம் காயாது, விரல் பட்டால் இழுவும். ஷீட்டுகளுக்கு நடுவில் வெள்ளைத்தாள் வையுங்கள். முடிந்தால் லேசர் ஷீட்டிலேயே எடுங்கள்.

எழுத்துருப் பிரியன்:
தமிழுக்கு சான்ஸ் ஓஎச்பியில் நன்றாக இருக்காது, மெல்லிய கோடுகள் மங்கும்...

பழைய அச்சு:
மெல்லிய கோடு மங்குவது செரிஃபில்தான் ஐயா. திரையிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். சுழி மூடிப்போனால் எழுத்து சிறியது, ஃபான்ட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

கோத்தகிரி தேயிலை:
கூட்டம் முடிந்தது. லேசர் ஷீட் குன்னூரில் கிடைத்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர்களும் படித்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

கூடலூர் வாசி:
தாமதமாக வருகிறேன், எனக்கும் அதே கொம்புச் சிக்கல். நான் லுவாலேடெக். ஸ்கிரிப்ட் தமிழ் கொடுத்தும் சரியாகவில்லை.

குன்னூர் சாரல்:
லுவாவில் ரெண்டரர் என்ற விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் (எழுத்தை வடிவமைக்கும் நிரல்) என்று சேர்த்துக் கொடுங்கள். லேடெக்கை நிறுவும் தொகுதியான டெக் லைவ் 2020 அல்லது அதற்குப் பின் வந்தது இருக்க வேண்டும். உங்களிடம் எந்தப் பதிப்பு?