சோஃபாவில் மட்டும் பாஸ் இல்லை: சப்வூஃபர் வாங்கியவர்களின் அனுபவங்கள்

மடிப்பாக்கம் மாடிவீடு:
வழக்கமான செட்டப்தான். 14-க்கு 11 அடி ஹால், 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்), அதில் சப் 12 அங்குல சீல்டு, அதாவது பாஸ் என்னும் அடித்தொனிச் சத்தத்துக்கான, ஓட்டையில்லாத மூடிய பெட்டி, டிவிக்குப் பக்கத்து மூலை. கடை டெமோவில் சட்டைப் பட்டன் அதிர்ந்தது. வீட்டில் மாட்டிய அன்று ராத்திரி ஹெலிகாப்டர் வரும் காட்சி. நான் நடு ஹாலில் சோஃபாவில் உட்கார்ந்து வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறேன், ஒன்றையும் காணோம். பின்சுவரில் இருக்கும் சமையலறை வாசலில் நின்று அம்மா, "டேய், அதைக் குறைடா, பாத்திர ஸ்டாண்டு ஆடுது" என்று கத்துகிறார். எழுந்துபோய் அவர் நின்ற வாசற்படியில் நின்றேன். அங்கே பாஸ் வயிற்றில் இடிக்கிறது! சோஃபாவுக்குத் திரும்பினால் மறுபடி வெறும் காற்று. காசு கொடுத்தது நான், கேட்பது பாத்திர ஸ்டாண்டு. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தாம்பரம் டிடிஎஸ்:
12 அங்குலம் போதாது தம்பி, அவ்வளவுதான் விஷயம். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரைவரும் (பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கர்) ஆம்ப் போர்டும் வாங்கி, ஆசாரியிடம் பெட்டி அடித்து உபயோகித்தவன். முதல் தடவை போட்டபோது பரண் மேலிருந்த அட்டைப்பெட்டி நகர்ந்து வந்து கீழே விழுந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. 15 அங்குலம் எடுங்கள், வாட்ஸ் கூட்டுங்கள், சோஃபா என்ன, தெருவே ஆடும்.

நாலு சுவர்:
தாம்பரம் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மடிப்பாக்கத்துக்காரர் உட்கார்ந்திருப்பது பள்ளத்தில், அதாவது பாஸ் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில். 565-ஐ (ஒலி ஒரு நொடியில் போகும் அடிகளில் பாதி) அறையின் நீளத்தால் வகுங்கள், அடிக்கணக்கில். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், இந்த ஹாலில் இரு சுவருக்கும் நடுவே நிலைத்து நிற்கும் பாஸ் அலை அது. அந்த அலை முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சத்தில் இருக்கும், நடுவில் செத்துவிடும். சோஃபா நடு ஹாலில், சமையலறை வாசல் பின்சுவரில். கணக்கு சரியாக வருகிறதா? பவரைக் கூட்டினால் நேராக வரும் ஒலியும் கூடும், அதை அழிக்கும் எதிரொலியும் அதே அளவுக்குக் கூடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், அம்மாவுக்கு மட்டும் இன்னும் இடிக்கும்.

வாட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்தால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். பழைய செட்டுகளில் பி.எம்.பி.ஓ. (ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டி ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்த பழக்கம் இது.

நான் செய்தது, சப்பைத் தூக்கி நான் உட்காரும் இடத்திலேயே வைத்து, ஒரே பாஸ் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தேன். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ, சப்பை அங்கே மாற்ற வேண்டும். பாதித் தவழலில் என் மனைவி வந்து, "என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். டிவி மூலையை விட்டுச் சப் இப்போது ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது.

மூன்றாவது மாடி:
எனக்குப் பாஸ் குறையவில்லை, கீழ்வீட்டுக்காரருக்கும் குறையவில்லை. ராத்திரி பத்தரை மணிக்குக் காலிங்பெல். பெரியவர், கோபமே இல்லை. "உங்க வீட்ல இந்நேரத்துக்கு மாவு ஆட்டுறீங்களா தம்பி?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் சப்பின் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன்.

தாம்பரம் டிடிஎஸ்:
அடியில் ரப்பர் பேட் போடுங்கள், முடிந்தது.

நாலு சுவர்:
முடியாது அண்ணே. பேட் தரையில் நேராக இறங்கும் அதிர்வைத் தணிக்கும், மொசைக்கில் பெட்டி நகராமலும் இருக்கும். காற்றில் போகிற 30 ஹெர்ட்ஸ் சுவரையும் தளத்தையும் தள்ளித்தான் கீழே இறங்குகிறது, அதற்குப் பேட் என்ன செய்யும்? ராத்திரியில் சப் அளவை 5, 6 டெசிபல் இறக்கி, ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்) பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோடைப் போட்டால் பெரியவர் தூங்குவார். போர்ட்டட் சப் (பெட்டியில் காற்று ஓட்டை உள்ளது) என்றால் அந்த ஓட்டையில் ஃபோம் அடைத்துப் பார்க்கலாம், அடிமட்ட பாஸ் கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்று. அமெரிக்க விமர்சனங்களைப் படித்து வாங்குகிறோம். அங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பாஸில் ஒரு பங்கு அதோடு போய்விடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் மேடும் அதிகம், பள்ளமும் ஆழம்.

உம்ம்ம்:
பேச்சு எங்கேயோ போகிறது, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படமே ஓடாதபோதும் சப்பிலிருந்து "உம்ம்ம்" என்று சத்தம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பின்னைப் பிடுங்கிவிடலாம் என்றார். நல்லவேளை, மனைவி விடவில்லை. ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயர் கழன்று விழுந்தது. வீடே அமைதி! இத்தனை நாள் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

பழைய ரிசீவர்:
அது கிரவுண்ட் லூப். கேபிள்காரர் வயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறு வேறு, நடுவில் சப் மாட்டிக்கொண்டது. கேபிள் வயருக்கு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் சின்னக் கருவி) கிடைக்கிறது, அதைப் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள், உள்ளே லீக் ஆனால் கரண்ட் உங்கள் வழியாகத்தான் போகும்.

என் அனுபவம் சின்னது. ஒரு நண்பர் வீட்டில் வசனம் வந்தபோதெல்லாம் சப் உறுமியது, போய்ப் பார்த்தால் ரிசீவரில் கிராஸ்ஓவர் (எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்புக்குப் போகும் என்ற எல்லை) 200-ல் நின்றது. அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரிசீவரின் சப் அவுட்டில் இணைத்திருந்தால் சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்ச அளவுக்குத் திருப்பிவிடுங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" என்று வைத்து ரிசீவர் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் விடுங்கள், எல்.எஃப்.இ. சேனலுக்கு (படத்தில் சப்புக்கென்றே வரும் தனிப் பாஸ் தடம்) 120. "ஸ்மால்" என்றதும் சிலருக்கு ரோஷம் வருகிறது, அது ஸ்பீக்கரின் உயரத்தைச் சொல்வதில்லை, அதன் பாஸைச் சப்புக்கு அனுப்பு என்றுதான் சொல்கிறது. ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளந்த பிறகு ரிசீவர் சப்பின் தூரத்தை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டினால் டேப் எடுத்துப் போய்த் திருத்த வேண்டாம். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்தே அது சொல்கிறது. சப் லெவல் மைனஸ் 12-ல் போய் முட்டி நின்றால் சப்பின் கெயினை (பின்னால் இருக்கும் வால்யூம் குமிழ்) குறைத்து மறுபடி அளக்கவும். ஃபேஸ் குமிழை (சப்பின் அலையை மற்ற ஸ்பீக்கரோடு ஒத்திசைய வைப்பது) கடைசியில் தொடுங்கள். 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து பாட விட்டு ஒருவர் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் சோஃபாவில் உட்கார்ந்து, அதிகமாகக் கேட்கும்போது கை தூக்க வேண்டும்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளினேன். வந்துவிட்டது! ஆனால் சமையலறைக்குப் போகும் வழி குறுகி, வீட்டில் தினமும் பேச்சு. இரண்டு சப் வைத்தால் சோஃபாவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாமா?

நாலு சுவர்:
போகலாம். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்ட்டி 2002-லேயே இதை ஆராய்ந்து எழுதினார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் நன்றாகக் குறைகிறது. பெரிய சப் ஒன்றைவிடச் சுமாரான சப் இரண்டு மேல்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
பின்சுவர் நடுவில் பீரோ நிற்கிறது. அதன் மேல் வைக்கலாமா?

பழைய ரிசீவர்:
வேண்டாம் சார். கதவு இரண்டும் கடகடவென்று அடிக்கும். பீரோவை நகர்த்துங்கள்.

தாம்பரம் டிடிஎஸ்:
இரண்டு 15 அங்குலம் போட்டால் பீரோ தானாக நகரும்.