தனிச் செல்லில் 40 நாள்: மனு பார்க்கும்போது உடம்பில் எதைக் கவனிக்கணும்?

வைகைக்கரை:
உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம். பையன் 40 நாளா ஜெயில்ல தனிச் செல்லில். மனு போட்டு, அதாவது ஜெயில் சந்திப்புக்கு எழுதிக் கொடுத்து, பார்த்துட்டு வந்து "ஆள் வத்திட்டான்"னு மட்டும் சொல்றாங்க. அதை எழுதினா கோர்ட்டில் நிக்காது. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்னு வேற என்ன கேக்கலாம்?

கோ.புதூர் டாக்டர்:
நடையைப் பாருங்க. படுத்தும் உட்கார்ந்துமே கிடந்தா முதல்ல இளைக்கிறது தொடையும் கெண்டைக்காலும்தான். கை ஊன்றாம குத்தவச்சு எந்திரிக்க முடியுதான்னு கேளுங்க. எந்திரிச்சதும் கிறுகிறுன்னு வந்தா, பி.பி.யைப் படுக்க வச்சு ஒரு தடவை, நின்ன 1வது, 3வது நிமிஷத்தில் ஒவ்வொரு தடவை எடுக்கணும். மேல் அளவு 20 இறங்கினா அது வெறும் அசதி இல்லை.

நாலு சுவரையே பார்த்த கண்ணுக்குத் தூரம் மங்குறதுண்டு, வெயில் கூசும். மலச்சிக்கல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் நாமா கேட்டாத்தான் வாயில் வரும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, வலின்னா ரத்தக்குழாயில் ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கலாம். அது நுரையீரலில் போய் அடைச்சா உயிருக்கே ஆபத்து. மறுநாள்னு தள்ளாம பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்க.

சிம்மக்கல் மருந்துக்கடை:
வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்க. மதுரை வெயில் கொளுத்தி என்ன, தோலில் படணுமே! ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழன்னா குறைபாடு. வழக்கமா எழுதுறது 60,000 யூனிட், வாரம் ஒண்ணு, 8 வாரம். தினம் ஒண்ணுன்னு போட்டுட்டா கால்சியம் ஏறி வாந்தி, கிட்னிக் கோளாறு வரை போகும்.

வைகைக்கரை:
சரிங்க. இதெல்லாம் பதிவில் வர எந்தப் பிரிவைக் காட்டுறது?

ஒத்தக்கடை வக்கீல்:
முதல்ல எந்த உத்தரவில் வச்சிருக்காங்கன்னு எழுத்தில் கேளுங்க, தம்பி. கோர்ட்டு விதிச்ச தனிமைச் சிறைன்னா ஒரே தொடர்ச்சியா 14 நாளுக்கு மேல் கூடாது. மொத்தமே 3 மாசம்தான். முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 73, 74, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 11, 12. நிர்வாகம் கொடுத்த 'தனித்து வைத்தல்'னு சொன்னா, 1894 சிறைச் சட்டம் 46வது பிரிவுப்படி தினம் 1 மணி நேரமாவது உடற்பயிற்சி, சாப்பாடு இன்னொரு கைதியோட. ரெண்டுக்கும் ஒரே மனுவை அடிச்சா பதில் சொல்ல அவங்களுக்கு ரொம்ப வசதி.

கையில் பிடிக்க வேண்டியது அதே சிறைச் சட்டத்தின் 29வது பிரிவு. செல்லில் 24 மணி நேரத்தைத் தாண்டினா மருத்துவ அலுவலரோ அவருக்குக் கீழ உள்ளவரோ தினம் ஒரு தடவை பார்க்கணும். 40 நாளுன்னா ஏறக்குறைய 40 பதிவு இருக்கணும். தேதிவாரியா நகல் கேளுங்க, உள்ளே வந்த அன்னைக்கு எடுத்த உடல்நிலைப் பதிவையும் சேர்த்து. 'வத்திட்டான்' எத்தனை கிலோன்னு அதில் தெரிஞ்சிடும்.